எடை ஏறாத மூன்று மாதம்

ஒரு வயது நிறைந்த பெண் குழந்தையின் நடுத்தர எடை 8.9 கிலோ. 7 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறை எடை, 6.3 கிலோவுக்கும் கீழே போனால் கடும் குறை எடை. ஆண் குழந்தைக்கு இதே வயதில் 9.6, 7.7, 6.9. குறை எடைக்கும் கடும் குறை எடைக்கும் நடுவில் இருப்பது முக்கால் கிலோ அளவுதான். சட்டை போட்டு இடுப்பில் தூக்கி வைத்திருக்கும் பிள்ளையிடம் இந்த வித்தியாசம் எந்தத் தாயின் கண்ணுக்கும் தெரியாது. மருத்துவரின் கண்ணுக்கும் தெரியாது. தராசுக்குத்தான் தெரியும்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு என எந்தப் பக்கம் போய்க் கேட்டாலும், கீழே கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் ஊர்களில் கேட்டாலும், மெலிந்த குழந்தையைப் பற்றி வீடுகளில் வரும் பதில் ஒன்றேதான்: “எங்க குடும்பமே ஒல்லிதான். நல்லாத்தான் விளையாடுது.” குழந்தையைக் கெடுக்கும் பேச்சுகளில் இதைவிட அபாயமானது இல்லை. கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை என்பதாலேயே அபாயம் கூடுகிறது.

பரம்பரை ஒல்லி என்ற வாதத்துக்கு விடை கிடைத்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. அங்கன்வாடியில் இன்று பயன்படும் வளர்ச்சிக் கோடுகளை உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டது. அதற்காக 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா, இந்தியா ஆகிய ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்தார்கள். இந்தியக் குழந்தைகள் தெற்கு டெல்லியைச் சேர்ந்தவர்கள். தாய்ப்பாலும் நல்ல சாப்பாடும் சுத்தமான சூழலும் கிடைத்த குழந்தைகள் ஐந்து வயது வரை ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்கிறார்கள் என்பதே அந்த ஆய்வு கண்டது. நார்வேக் குழந்தைக்கும் டெல்லிக் குழந்தைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த வயதில் பிள்ளையின் எடையைப் பெரும்பாலும் முடிவு செய்வது சாதியும் இனமும் அல்ல, கிண்ணத்தில் என்ன விழுகிறது என்பதும் எத்தனை முறை நோய் வருகிறது என்பதும்தான். இந்த மலையில் வாழும் மலையாளி பழங்குடிக் குழந்தை சிறுத்துத்தான் இருக்கும் என்று யாராவது சொன்னால், அவர் அரசு அலுவலராக இருந்தாலும், அது தவறு.

‘கொஞ்சம் மெலிவுதானே’ என்பது இரண்டாவது தவறு. 1995இல் டேவிட் பெல்லட்டியரும் உடன் பணியாற்றியவர்களும் 53 வளரும் நாடுகளின் தரவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். குழந்தை மரணங்களில் 56 சதவீதத்துக்கு ஊட்டக்குறைவு துணைபோகிறது என்று கண்டார்கள். அப்படித் துணைபோன மரணங்களில் 83 சதவீதம், எலும்பும் தோலுமாகக் கிடந்த குழந்தைகளுடையவை அல்ல. லேசான, நடுத்தர மெலிவில் இருந்த குழந்தைகளுடையவை. கடும் மெலிவில் இருக்கும் ஒரு குழந்தைக்கு ஆபத்து அதிகம் என்பது உண்மை. ஆனால் நடுத்தர மெலிவில் இருக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பல மடங்கு. அந்தப் பிள்ளைகள் பட்டினியால் சாவதில்லை. பேதி வருகிறது, சளி நெஞ்சில் இறங்குகிறது, எதிர்த்து நிற்க உடம்பில் எதுவும் இல்லை. மரணச் சான்றிதழில் நிமோனியா என்றுதான் இருக்கும். எடை அதில் இருக்காது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை மரணங்களில் பாதியளவு ஊட்டக்குறைவோடு தொடர்புடையவை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் இன்றும் சொல்கிறது.

தமிழ்நாட்டின் எண்களைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள் உண்டு. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே ஐந்து வயதுக்குட்பட்டோரில் குறை எடை 22 சதவீதம், இந்தியாவில் 32.1. கள்ளக்குறிச்சியின் எண் என்ன என்று அதே ஆய்வில் தேடினால் கிடைக்காது. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் இயங்கத் தொடங்கிய மாவட்டம் இது. ஆய்வோ 2017 மார்ச் மாத நிலவரப்படியான மாவட்டங்களை வைத்து எடுக்கப்பட்டது. விழுப்புரத்தின் சராசரிக்குள் கள்ளக்குறிச்சி, கள்ளக்குறிச்சியின் சராசரிக்குள் மலை. இந்தியா முழுவதும் பழங்குடிக் குழந்தைகளிடையே குறை எடை 39.5 சதவீதம் என்று அந்த ஆய்வு சொல்வதை வைத்து, மலையில் நிலைமை எப்படி இருக்கக்கூடும் என்று ஊகிக்கலாமே தவிர, எண்ணாகச் சொல்ல முடியாது. மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பதிவேடுகள் ஏன் பின்தங்கி நிற்கின்றன என்பது விளங்கும்.

இனி வீட்டுக்குள் வருவோம். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

குறை எடை பெரும்பாலும் தொடங்குவது ஆறாவது மாதத்துக்கும் இரண்டாவது பிறந்தநாளுக்கும் நடுவில். இரண்டு வயதுக்கு மேல் குழந்தை அங்கன்வாடிக்குப் போகும், மதியச் சோறு உண்டு, வாரத்தில் முட்டை உண்டு. அதற்கு முந்தைய பதினெட்டு மாதம் குழந்தை முழுக்க முழுக்க வீட்டின் கையில். அந்தப் பதினெட்டு மாதத்தில்தான் தாய் திரும்ப வேலைக்குப் போகிறாள், குழந்தை தவழ்ந்து மண்ணைத் தின்கிறது, முதல் பேதி வருகிறது, பல வீடுகளில் அடுத்த கர்ப்பமும் வந்துவிடுகிறது. சவலைப் பிள்ளை என்று நாம் சொல்வது இந்த வயதுக் குழந்தையைத்தான்.

ஒன்பது மாதக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடை 7 கிலோ. தாய்ப்பால் ஓரளவு குடிக்கிறது. அதற்கு மேல் வெளிச் சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 300 கலோரி வேண்டும். குழந்தையின் இரைப்பை கிலோவுக்கு 30 மில்லி கொள்ளும். ஆக ஒரு தடவைக்கு 210 மில்லி, ஒரு டம்ளர். அந்த டம்ளரில் என்ன இருக்கிறது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி அரிசி நொய்யைப் போட்டு, உப்புப் போட்டு, தண்ணியாகக் காய்ச்சிய கஞ்சி என்றால் 50 கலோரி. மூன்று வேளைக்கு 150. குழந்தையின் வயிறு மூன்று முறையும் நிறைந்துவிட்டது. அது அழவில்லை. “வயிறு நெறையக் குடிச்சிது” என்று பாட்டி சொல்வதில் பொய் இல்லை. ஆனால் தேவையில் பாதி வரவில்லை, நாளைக்கும் வராது, அடுத்த வாரமும் வராது.

அதே டம்ளர் அளவுக்குள் இரண்டு மேசைக்கரண்டி அரிசி, அதன் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பருப்பு, குழைய வேகவைத்து மசித்து ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றினால் 180 கலோரியை ஒட்டி வரும். எண்ணெய் மட்டுமே 45. இந்த மூன்றுக்கும் வெளிக் கடைக்குப் போக வேண்டியதில்லை. அரிசி ரேஷனில் இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் அதே கடையில் கிடைக்கின்றன. பருப்பும் எண்ணெயும் வீட்டில் இருக்கின்றன. பெரியவர்களின் குழம்பில் போகின்றன. குழந்தையின் கிண்ணத்துக்கு மட்டும் வருவதில்லை. ‘பச்சப் புள்ளைக்கு எண்ணெய் சேராது, பருப்பு வாயு, கெட்டியாக் குடுத்தா செரிக்காது, மாந்தம் வந்துடும்’ என்ற அச்சம் தடுத்துவிடுகிறது. வறுமை உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் பருப்பும் எண்ணெயும் இருக்கும் வீட்டில் நீர்க் கஞ்சி குடித்து மெலியும் குழந்தையை வறுமை என்ற ஒரு சொல்லில் கடந்துவிட முடியாது.

மலையில் இன்னொன்றும் நடக்கிறது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த பல சரிவுகளில் இப்போது மரவள்ளி. கிழங்கு ஆத்தூர், சேலம், சின்னசேலம் பக்கத்து ஆலைகளுக்குப் போய் ஜவ்வரிசியாகிறது. அதே ஜவ்வரிசி ‘குளிர்ச்சி, லேசாச் செரிக்கும்’ என்று நோய்ப்பட்ட குழந்தைக்குக் கஞ்சியாகத் திரும்பி வருகிறது. ஜவ்வரிசி ஏறத்தாழ முழுக்க மாவுச்சத்து. 100 கிராமில் ஒரு கிராம் புரதம்கூட இல்லை, இரும்பும் பெயரளவுக்குத்தான். பாலும் பருப்பும் சேராத ஜவ்வரிசிக் கஞ்சியை மெலிந்த குழந்தைக்கு வாரக்கணக்கில் கொடுப்பது, அந்தக் குழந்தையின் தசை வளர வேண்டிய நாட்களைப் பறிப்பது.

கேழ்வரகைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கெட்டியான கூழைக் குழந்தை விழுங்காது, தண்ணீர் சேர்த்தால் சத்து குறையும்: எந்த நாட்டுத் தாய்க்கும் உள்ள சங்கடம் இது. இதற்கு விடை நம் அடுப்படியிலேயே இருந்தது. கேழ்வரகை ஒரு இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளைக்கவிட்டு, வெயிலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரைத்தால், முளைக்கும்போது உண்டான அமைலேஸ் என்ற நொதி அந்த மாவில் தங்கிவிடுகிறது. கெட்டியாகக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு இறக்கிய கஞ்சியில் இந்த மாவை ஒரு தேக்கரண்டி போட்டுக் கலக்கினால், சில நிமிடங்களில் கஞ்சி தானாக இளகி ஓடும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை. மாவுச்சத்தின் நீண்ட சரங்களை நொதி வெட்டிவிடுகிறது, அவ்வளவுதான். இளகிய பிறகு ஒரு கொதி விட்டு, ஆற்றிக் கொடுக்கலாம். பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் 1980களில் இதை அளந்து காட்டினார். மாவை அதிகம் வறுத்துவிட்டால் நொதி செத்துவிடும். கொதிக்கிற கஞ்சியில் போட்டாலும் செத்துவிடும். மணம் வரட்டும் என்று கருக வறுக்கும் வழக்கம் இங்கேதான் இடிக்கிறது.

அங்கன்வாடியில் தரும் சத்துமாவு பற்றியும் ஒரு கசப்பான செய்தி. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரி, ஊட்டக்குறைவுள்ள குழந்தைக்கு 800 கலோரி என்று 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. அது அந்த ஒரு குழந்தைக்கான கணக்கு. வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்கு ஒரு உருண்டை, அக்காவுக்கு ஒரு உருண்டை, தாத்தாவுக்குக் கஞ்சி. பகிர்ந்து சாப்பிடுவது நல்ல குணம்தான். இங்கே அதன் செலவு முழுவதையும் வீட்டிலேயே சின்ன உடம்பு ஏற்கிறது. மெலிந்த பிள்ளையின் பாக்கெட்டைத் தனி டப்பாவில் போட்டு மேலே வைப்பது கஞ்சத்தனம் ஆகாது.

தேநீரில் நனைத்த பொறையும் ஐந்து ரூபாய் பிஸ்கட்டும் மலை உச்சி வரை போய்விட்டன. பிஸ்கட்டில் கலோரி இல்லாமல் இல்லை. ஆனால் அதில் கால் பங்கு சர்க்கரை. அது பசியை அடைத்துவிடும், அடுத்த வேளைச் சோற்றைக் குழந்தை தள்ளிவிடும். தேநீர் சோற்றில் உள்ள இரும்பை உடம்பு எடுக்கவிடாமல் பிடித்து வைக்கும். தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று அதே குடும்ப நல ஆய்வு சொல்கிறது. ரத்தசோகை வந்த குழந்தைக்குப் பசிக்காது. பசிக்காத குழந்தைக்குத் தாய் எது இறங்குமோ அதைக் கொடுப்பாள். எது இறங்கும்? பிஸ்கட்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் கதை வேறு. அங்கே கெடுதல் சேர்ப்பதால் வருகிறது. பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீர், வயிறு உப்பினால் உரமருந்து, வசம்பு. எடை ஏறவில்லை என்றால் ‘தாய்ப்பால் போதல’ என்று பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த பசும்பால். தெருவில் கழுதை ஓட்டி வந்தால் சங்கில் கழுதைப்பால். கழுதைப்பாலில் கொழுப்பு ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். தாய்ப்பாலில் மூன்றரை, நான்கு. காய்ச்சாமல் கொடுப்பதால் கிருமியும் சேர்ந்து போகும். வசம்பில் உள்ள பீட்டா அசரோன் நச்சுப்பொருள். மலைத்தேன் நல்ல தேன்தான், ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாக்கில் எந்தத் தேனும் படக்கூடாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் வித்து அந்த வயதுக் குடலில் முளைத்து உடலைத் தளரச் செய்யும். எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு வேண்டியது தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்த சூடும், இரவையும் சேர்த்து எட்டிலிருந்து பன்னிரண்டு முறை தாய்ப்பாலும். அதற்கு அந்தத் தாய் சாப்பிட்டிருக்க வேண்டும், தூங்கியிருக்க வேண்டும். பிரசவித்த பெண்ணுக்குப் பத்தியம் என்று ரசச்சோறு மட்டும் போடும் வீட்டில் குழந்தையின் எடை ஏன் ஏறவில்லை என்று கேட்பதில் பொருளில்லை. 2024 நவம்பரில் அரியலூர் மாவட்டத்தில் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தின் இரண்டாம் கட்டம், ஆறு மாதத்துக்கு உட்பட்ட மெலிந்த குழந்தைகளின் தாய்மார்களுக்கே ஊட்டச்சத்துப் பெட்டகம் கொடுக்கிறது. சரியான இடத்தைப் பிடித்த ஏற்பாடு அது.

அடுத்தது தொக்கம். குழந்தை சாப்பிட மறுக்கிறது, குமட்டுகிறது, நோஞ்சானாகிறது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுக்கக் கொண்டு போவார்கள். உரம் விழுந்திருக்கிறது என்று துணியில் போட்டு உருட்டுவார்கள். தோஷம் என்று கயிறு மந்திரித்துக் கட்டுவார்கள். இதைச் செய்கிறவர்களை இழிவாகப் பேச எனக்கு மனமில்லை. பேருந்து அன்றாடம் வராத ஊரில், கூப்பிட்ட நேரத்துக்குக் கதவைத் திறப்பவர் அந்த மூதாட்டிதான். கயிறு கட்டுவதால் குழந்தைக்குக் கேடில்லை. கேடு, கட்டிய பிறகு காத்திருக்கும் நாட்களில் இருக்கிறது. ‘மூணு வெள்ளிக்கிழமை பார்க்கலாம்’ என்றால் அது இருபது நாள். சாப்பிட மறுப்பது என்ற இந்த அடையாளத்தைத்தான் மருத்துவமும் முதலில் பார்க்கிறது. கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தையை வீட்டில் வைத்தே தேற்றலாமா, மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமா என்று முடிவு செய்ய, சிகிச்சை உணவை எதிரில் வைத்துக் குழந்தை சாப்பிடுகிறதா என்று சோதிப்பார்கள். சாப்பிடாவிட்டால் சேர்க்கை. உள்ளே தொற்று இருக்கிறது, காசநோயாக இருக்கலாம், சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், ஈரலோ இதயமோ தளர்ந்திருக்கலாம். மெலிந்த குழந்தை சாப்பாட்டைத் தள்ளுகிறது என்றால் கயிறு கட்டிய கையோடு அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

பேதி வந்தால் பாலை நிறுத்துவது, சோற்றை நிறுத்துவது, இங்கே இன்னும் நடக்கிறது. ‘வயித்துக்கு ஓய்வு’ என்கிறார்கள். மெலிந்த குழந்தைக்கு இரண்டு நாள் ஓய்வு என்பது இரண்டு நாள் பட்டினி. தாய்ப்பால் தொடர வேண்டும், உணவு தொடர வேண்டும், உப்புச் சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரை 14 நாள். பேதி இரண்டாம் நாள் நின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மீதிப் பன்னிரண்டு நாள் மாத்திரை அடுத்த பேதியைத் தடுப்பதற்காகத் தருவது. பேதி விட்ட பிறகு இரண்டு வாரம் ஒரு வேளை கூடுதலாக ஊட்டினால்தான் இழந்த எடை திரும்பும்.

கடைசியாக ஒன்று, பலருக்குத் தெரியாதது. கடுமையாக மெலிந்துவிட்ட குழந்தையை அவசரப்பட்டுத் தேற்ற முயல்வதே அதைக் கொன்றுவிடக்கூடும். அந்த உடம்பில் இதயம் சுருங்கியிருக்கும், சிறுநீரகம் மெதுவாக வேலை செய்யும், பொட்டாசியம் வற்றியிருக்கும். ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க, தெம்பு வந்துரும்’ என்று பட்டமில்லாதவரிடம் போய் நரம்பில் ஏற்றினால், அந்தத் திரவத்தைத் தாங்காமல் இதயம் நின்றுபோகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் விதி, அதிர்ச்சி நிலையில் இல்லாத இத்தகைய குழந்தைக்கு நரம்பு வழித் திரவம் கூடாது என்பது. முதல் சில நாட்கள் மருத்துவமனையில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும், புரதம் குறைந்த நீர்த்த பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தருவார்கள். முதல் வாரம் இரும்புச் சத்து டானிக்கூட இல்லை. உடம்பைச் சூடாக வைப்பார்கள், சர்க்கரை இறங்காமல் பார்ப்பார்கள். வெளியிலிருந்து பார்க்கும் தகப்பனுக்கு, ‘ஒண்ணுமே செய்யல, பாலு குடுக்கறதுக்கா இங்க இருக்கணும்’ என்று தோன்றும். இரண்டாம் நாளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தப் பால்தான் சிகிச்சை. கள்ளக்குறிச்சியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மலையிலிருந்து அங்கே வந்து தங்கும் தாய்க்கு வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளையும் ஆடும் மாடும் கூலியும் இருக்கின்றன என்பதை மருத்துவமனையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, அவள் கிளம்புமுன் உட்காரவைத்துப் பேச வேண்டும்.

எப்போது போவது? மேல் கையின் நடுப்பகுதியைச் சுற்றி அளக்கும் நாடா கிராமச் செவிலியரிடமும் அங்கன்வாடியிலும் இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் கடும் ஊட்டக்குறைவு, 12.5க்குக் கீழே என்றால் நடுத்தரம். இரண்டு பாதங்களின் மேல்புறத்தையும் கட்டைவிரலால் மூன்று நொடி அழுத்தி எடுங்கள். இரண்டிலும் குழி விழுந்து நின்றால், எடை எவ்வளவு இருந்தாலும், அன்றே மருத்துவமனை. வீங்கிய குழந்தையைப் பார்த்து ‘சதை போட்டிருக்கு’ என்று மகிழ்ந்த வீடுகள் உண்டு. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரையான குழந்தை நிமிடத்துக்கு 50 முறையும், அதற்கு மேற்பட்ட குழந்தை 40 முறையும், அல்லது அதற்கு மேலும், மூச்சு வாங்கினாலோ, விலா உள்வாங்கினாலோ, துவண்டு கிடந்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ, 108.

இதெல்லாம் கடைசிக் கட்டம். தமிழ்நாடு இதற்கு முந்தைய கட்டத்தைப் பிடிக்கக் கற்றிருந்தது என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 1980இல் மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை எல்லாக் குழந்தைகளையும் மாதம் ஒரு முறை எடை போட்டார்கள். குழந்தை எவ்வளவு எடை என்று மட்டும் பார்க்காமல், போன தடவையைவிட ஏறியிருக்கிறதா என்று பார்த்தார்கள். ஏறாத குழந்தைக்கு 90 நாள் சத்து லட்டு. அரை கிலோ ஏறிவிட்டால் நிறுத்தம். அந்த லட்டைவிட, எடை நின்றுவிட்டது என்ற செய்தி தாய்க்குப் போய்ச் சேர்ந்ததுதான் முக்கியம் என்பது என் கருத்து. கடும் ஊட்டக்குறைவு அந்த வட்டாரங்களில் கண்கூடாகக் குறைந்தது.

இப்போது எண் கைபேசியில் ஏறுகிறது. 2021 முதல் போஷன் டிராக்கர் என்ற செயலி. எண் டெல்லிக்குப் போகிறது. தாய்க்குப் போகிறதா? ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை குழந்தை மாதம் 300 கிராமை ஒட்டி ஏற வேண்டும். ஒரு வயதிலிருந்து இரண்டு வரை 200 கிராம் அளவில். எடை போட்டதும் தாய் கேட்க வேண்டிய கேள்வி, “டீச்சர், போன மாசம் எவ்வளவு இருந்திச்சு?” ஒரு மாதம் ஏறவில்லை என்றால் அந்த மாதம் காய்ச்சலோ பேதியோ வந்ததா என்று யோசித்து, உணவைக் கூட்டிப் பார்க்கலாம். இரண்டாம் மாதமும் நின்றால் நர்சம்மாவிடம் காட்ட வேண்டும். மூன்றாம் மாதமும் கோடு படுத்திருந்தால், குழந்தை அட்டையில் பச்சை நிறத்துக்குள்ளேயே இருந்தாலும் சரி, அது மருத்துவர் பார்க்க வேண்டிய குழந்தை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை, பேருந்து, மருத்துவமனை எல்லாம் பேசப்பட்டன. அந்தப் பட்டியலில் மலையின் ஒவ்வொரு அங்கன்வாடியிலும் வேலை செய்யும் தராசு இருக்கிறதா, மாதாமாதம் ஏறாத எடை எத்தனை என்ற கணக்கும் சேர வேண்டும். சராசரிக்குள் ஒளிந்திருக்கும் மலைக்கு அதுதான் முதல் எண்ணாக இருக்கும்.

நவம்பரில் காப்பிப் பழம் பறிக்கும் பருவம் தொடங்கும்போது மலையிலிருந்து குடும்பங்கள் குடகுக்கும் கேரளத்துக்கும் கிளம்பும். திருப்பூருக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் ஆண்டு முழுக்கப் போகிறார்கள். கைக்குழந்தை தாயோடு போகும். பால் மறந்த குழந்தை ஊரில் ஆயாவோடு (பாட்டியோடு) நிற்கும். இரண்டுமே எடைப் பதிவிலிருந்து நழுவிவிடும் குழந்தைகள். கூட்டிப்போகும் குழந்தையின் தாய்சேய் நல அட்டை பெட்டியில் இருக்க வேண்டும். போகிற ஊர் எதுவானாலும் அங்குள்ள அங்கன்வாடியில் பதிந்து சத்துமாவும் எடை போடுதலும் பெற அந்தக் குழந்தைக்கு உரிமை உண்டு. விட்டுப்போகும் குழந்தை என்றால், கிளம்புவதற்கு முந்தின நாள் எடை போட்டு, அந்த எண்ணை ஆயாவிடம் வாயால் சொல்லி, எண்ணெய்ப் பாட்டிலையும் பருப்பையும் எடுத்து அவர் கையில் கொடுத்து, ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி என்று காட்டிவிட்டுப் போக வேண்டும். மாதத்தில் எடை போடும் நாள் எது என்பதையும் அங்கன்வாடி டீச்சரின் கைபேசி எண்ணையும் கதவுக்குப் பின்னால் கரியால் எழுதி வைக்கலாம். போன் போடும்போது “புள்ள சாப்பிட்டுச்சா” என்று கேட்பதோடு, “எடை எவ்வளவு ஆயா, போன மாசத்தவிட ஏறிச்சா” என்றும் கேட்க வேண்டும்.